எண்ணெய்த் துணி

மனைவி சுவன் கட்டும் கப்பலை லாம் சட்டி என்றுதான் சொல்வார். கடலிலிருந்து திரும்பி வீட்டுப்படி ஏறியதும் மனைவியிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, "சட்டி எந்த மட்டுல இருக்கு?" அலுமினியத்தில் சோறு வடிக்கலாம், மீன் வேகவைக்கலாம், அதில் ஏறிக் கடலுக்குப் போவார்களா என்பது அவர் கட்சி. சுவனும் வாயில்லாதவள் அல்ல. "உங்க படகு மாதிரி நாலஞ்சைத் தூக்கி எங்க சட்டிக்குள்ள போட்டு மூடிரலாம்" என்பாள். பாயூ என்ற எங்கள் வாய்க்கால் கரை ஊரில் அவர்கள் வீட்டைத் தாண்டிப் போகிறவர்களுக்கு இந்தச் சண்டை கேட்கவில்லை என்றால்தான், யாருக்காவது உடம்பு சரியில்லையோ என்று கவலை வரும்.

கடற்படைக்காக ஆளையும் சாமானையும் வேகமாகக் கொண்டுபோகும் கப்பல் அது. இரண்டு கத்திகளை நெட்டுக்குத்தலாக அருகருகே நிறுத்தி, மேலே அகலமாகப் பலகை பரப்பியது போல இருக்கும். ஒரு படைப்பிரிவையும் அதன் வண்டிகளையும், வேண்டுமானால் ஒரு டாங்கியையும் வயிற்றில் வைத்துக்கொண்டு ஓடும் ஓட்டத்தில், எங்கள் இறால் படகுகள் நங்கூரம் போட்டு நிற்பதாகத் தோன்றும். பெரிய கப்பல்கள் எட்டிப் பார்க்காத சின்னத் துறைமுகத்துக்குள்ளும் இது நுழையும். அதற்கு அவ்வளவு ஆழம் தேவையில்லை. போய் நின்று, தன் சாய்பலகையைத் தானே இறக்கிக்கொள்ளும். சண்டை இல்லாத காலத்தில் மருத்துவர்களையும் மருந்தையும் ஏற்றிக்கொண்டு நாடு நாடாகப் போகும். இரும்பில் கட்டினால் இந்த ஓட்டம் வராது. அதனால்தான் அலுமினியம், அதனால்தான் சுவன்.

சுவனுக்கு அந்த வேலை வந்தது ஒரு கெட்ட காலத்தில். எங்கள் ஊரை ஒட்டிய வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்துக் கடலை மூடிவிட்ட வருஷம், இறால் தலை கிள்ளும் கொட்டகையும் மூடிக்கொண்டது. அதுவரை அவள் அங்கேதான் ஐஸ் தண்ணீரில் கைவிட்டு நின்றிருந்தாள். இறால் முள் குத்திக் குத்தி விரல் நுனியெல்லாம் எப்போதும் வீங்கியிருக்கும். அந்த விரல்களோடுதான் பக்கத்து நகரமான மோபீலின் கப்பல் கட்டும் பட்டறைக்குப் போய் வெல்டிங் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தாள். வகுப்பில் இருந்த பையன்கள் வயதான அத்தை வழி தவறி வந்துவிட்டாள் என்று நினைத்தார்கள். ஆனால் ஐஸ் தண்ணீரில் நடுங்காத கை, நெருப்பு முன்னாலும் நடுங்கவில்லை. சில வருஷங்களில் அவள் கப்பலின் அடித்தகடுகளைப் பற்றவைக்கும் வெல்டர் ஆனாள். தண்ணீருக்குக் கீழே இருக்கும் இணைப்புகள் அவை. அந்த வேலைக்குத் தனித் தகுதிச் சீட்டு வேண்டும், எல்லாருக்கும் கிடைக்காது.

அந்தச் சீட்டுக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது.

கப்பலின் வலது அடிப்பாகத்தில், இரண்டு தகடுகள் சேரும் நீண்ட இணைப்பு ஒன்று அவள் போட்டது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது உள்ளே ரவை கொட்டியது போலப் பொடித்துளைகள். மேலே பார்த்தால் இணைப்பு வழுவழுவென்று கண்ணைப் பறிக்கிறது, உள்ளே ஓட்டை. அந்த இடத்தைக் குடைந்து எடுத்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் துளைகள். மேற்பார்வையாளர் பெட்வே அவளைத் தனியே கூப்பிட்டு நிலவரத்தைச் சொன்னார். அலுமினியம் இரண்டு தரம் திருத்துவதைப் பொறுத்துக்கொள்ளும். அதற்குமேல் சூடு பட்டால் சுற்றியுள்ள தகடு தளர்ந்துவிடும், பிறகு தகட்டையே வெட்டி எடுக்க வேண்டும். ஒரு திருத்தம் ஆகிவிட்டது. இன்னும் ஒன்றுதான் மிச்சம். அதுவும் போனால், சீட்டைக் கொடுத்துவிட்டுத் துப்புரவுப் பிரிவுக்குப் போக வேண்டியதுதான். அதற்குப் பதில் பாயூவிலேயே இறால் தலை கிள்ளலாம்.

பெட்வே கெட்ட மனிதர் அல்ல. மோபீல் விரிகுடாவின் அக்கரையில் பிறந்த கறுப்பர். அப்பா சிப்பி எடுத்தவர். அதிர்ந்து பேச மாட்டார், எல்லாப் பெண்களையும் பெயருக்கு முன்னால் மிஸ் போட்டுத்தான் கூப்பிடுவார். அவரும் தேடாத இடமில்லை. பற்றவைக்கும் இடத்தில் காற்றுப் படாமல் காக்கும் ஆர்கான் வாயுவின் குழாயைச் சோதித்தார், கம்பிச் சுருளை மாற்றினார். கொட்டகைக் கதவு வழியாகக் காற்று வந்து வாயுவைக் கலைக்கிறதா என்று காகிதத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தார். மோபீலில் மழை சொல்லிக்கொண்டு வராது. அந்த ஈரம்தான் காரணமோ என்று தகட்டை வெதுவெதுப்பாக்கி வைத்தார். கடைசியில் சோதனை மேசையில் ஒரு துண்டுத் தகட்டைக் கொடுத்துப் பற்றவைக்கச் சொன்னார். மேசையில் கிடந்த சாமான்களை வைத்து அவள் போட்ட இணைப்பு, எக்ஸ்ரேயில் பால் போல வந்தது.

அதுதான் அவளை உடைத்துவிட்டது. மெஷினில் குற்றமில்லை, வாயுவில் குற்றமில்லை, சோதனை மேசையில் கை சரியாக இருக்கிறது. கப்பலுக்கு அடியில் போனால் மட்டும் கெட்டுப்போகிறது என்றால், அது பயம். வயது. பெட்வே வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அவர் முகத்தில் இரக்கம் தெரிந்தது. திட்டியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அலுமினியம் பொல்லாத சுத்தக்காரி. இரும்பு அழுக்கையும் துருவையும் கொஞ்சம் சகித்துக்கொள்ளும். இது விரல் பட்ட பிசுக்கைக்கூடச் சகிக்காது. முதலில் எரிசாராயத்தில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும், காயவிட வேண்டும். பிறகு எவர்சில்வர் கம்பி பிரஷ்ஷால் மேல்தோலைத் தேய்க்க வேண்டும், தேய்த்த கையோடு நெருப்பைப் பிடிக்க வேண்டும். அந்த பிரஷ்தான் தகட்டைத் தொடும் கடைசிச் சாமான். இரும்பில் ஒரு தரம் பட்டுவிட்டாலும் அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். பட்டறைப் பையன்களுக்கு இந்தப் பக்தி போதாது. பிரஷ்ஷை இரவல் வாங்கி பூட்ஸ் மண்ணைத் தேய்ப்பார்கள். அதனால் சுவன் தன் பிரஷ்ஷை வேலை முடிந்ததும் துணியில் சுற்றிச் சாப்பாட்டுப் பையில் வைத்து வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவாள். பட்டறைச் சாமான் வெளியே போகக் கூடாது என்பது விதி. ஆனால் கப்பலின் நல்லதுக்குச் செய்வதை யார் கேட்கப் போகிறார்கள் என்று இருந்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லாம் வீட்டில்தான் இருந்தார். தென்கிழக்குக் காற்று விடாமல் அடித்ததில் கொஞ்ச நாளாகவே படகுகள் போவதும் வருவதுமாகத் தடுமாறிக்கொண்டிருந்தன. மாதா கோயில் பூசை முடிந்து வந்து, மண்சட்டியில் மீனை மீன்சாறும் கருக்கிய சர்க்கரையும் போட்டுச் சுண்டவைத்து, நீர்க்கீரை சூப்போடு சாப்பிட்டார்கள். சுவனுக்குச் சோறு இறங்கவில்லை. கிண்ணத்தில் சாப்பிடும் குச்சிகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

லாம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஆறுதல் சொல்வதாக நினைத்து வாயைத் திறந்தார். "போனாப் போவுது விடு. சீட்டைப் புடுங்குனா புடுங்கட்டும். என்கூடப் படகுக்கு வா. வலையைப் பாத்துக்க, சோறாக்கு. ரெண்டு பேரும் கெழடு தட்டுற வரைக்கும் கடல்ல கெடப்போம்."

"நான் கெழடுன்னு அங்க முடிவு பண்ணிட்டாங்க. நீங்க வேற சொல்லணுமா?"

"நான் அப்புடியா சொன்னேன்?"

"பின்ன எப்புடிச் சொன்னீங்க?"

அவர் கிண்ணத்தை ஒதுக்கிவிட்டு எழுந்து பின்வாசலுக்குப் போய்விட்டார். சம்பளத்துக்காக அவள் அழவில்லை. இந்த நாட்டுக்குப் படகில் தப்பி வந்த நாளிலிருந்து எல்லாரும் கொடுத்த வேலையைத்தான் செய்தாள். இது ஒன்றுதான் அவளாக எட்டிப் பிடித்தது. கப்பல் ஆற்றில் இறங்கும்போது தன் இணைப்பு தண்ணீருக்குக் கீழே, யார் கண்ணிலும் படாமல், அத்தனை பேரையும் தாங்கிக்கொண்டு போகும் என்ற நினைப்பு அவளுக்குச் சாமி மாதிரி. அதைத் தன் புருஷனிடம் சொன்னால் சட்டி என்று சிரிப்பார்.

பாத்திரம் கழுவிய தண்ணீரைத் துளசிச் செடிக்கு ஊற்றப் பின்வாசலுக்குப் போனாள். லாம் படியில் உட்கார்ந்திருந்தார். முன்னால் பழைய பனியனை விரித்து, படகுச் சாமான்களை வரிசையாக வைத்திருந்தார். குறடு, கொக்கி, வலைக்கத்தி, திருகாணிகள். ஒவ்வொன்றையும் எடுத்து, மெஷின் எண்ணெயில் நனைத்த துணியால் குழந்தைக்குத் தைலம் தேய்ப்பது போலத் தேய்த்து வைத்துக்கொண்டிருந்தார். கடல் உப்பு இரும்பை ஒரே ராத்திரியில் தின்றுவிடும்; எங்கள் ஊரில் கரைக்கு வந்த படகுக்காரன் கையில் எண்ணெய்த் துணி இல்லாமல் பார்க்க முடியாது. கதவுக் கீல், தையல் மெஷின், குழந்தைகளின் சைக்கிள் என்று கண்ணில் பட்ட உலோகத்துக்கெல்லாம் பூசிவிடுவார்கள்.

வரிசையின் கடைசியில் அவளுடைய பிரஷ் இருந்தது. கம்பிகள் வெயிலில் மினுமினுத்தன.

சுவன் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "இது என்னது?"

"ஒன்னோடதுதான். பையில கெடந்துச்சு."

"என்ன பண்ணீங்க அத?"

"என்ன பண்ணுவாங்க, தொடச்சேன். தெனமும் அந்த உப்புக் காத்துல வண்டியோட்டிட்டு வர. துரு புடிச்சுராது?"

"எத்தனை நாளா?"

அவள் குரல் ஒரு மாதிரி இருந்ததை அப்போதுதான் கவனித்தார். "இந்தக் காத்து ஆரம்பிச்சதுலேர்ந்து, கரைக்கு வந்தப்பல்லாம் செய்யுறதுதான். அலுங்காமப் பழையபடி துணியில சுத்தி வெச்சுருவேன். ஒனக்குத் தெரிஞ்சா சட்டிக்கு சேவகம் பண்றாருன்னு கிண்டலடிப்பேன்னு சொல்லல."

சுவன் அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். பிரஷ்ஷை எடுத்து முகர்ந்து பார்த்தாள். சாராயத் துணியால் துடைத்து, காயவிட்டு, கடைசியில் இதால் தேய்த்திருக்கிறாள். தகடு முழுக்கத் தானே எண்ணெயைப் பூசிவிட்டு நெருப்பு வைத்திருக்கிறாள். எண்ணெய் வெந்து ஆவியாகி, உருகிய அலுமினியத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு துளை போட்டிருக்கிறது. அவர் கரையில் இருந்த நாட்களையும் கெட்டுப்போன நாட்களையும் மனதுக்குள் சேர்த்துப் பார்த்தாள். பொருந்தியது. அவள் கையில் குற்றமே இல்லை.

விஷயத்தைச் சொன்னதும் லாமின் முகம் வெளுத்துவிட்டது. துணியைக் கீழே போட்டார். கைகளைப் பனியனில் துடைத்தார், துடைத்த கையையே வெறித்துப் பார்த்தார்.

"அப்ப ஒன் சீட்டுக்கு உலை வெச்சது நான்தானா?"

அவளுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. இத்தனை வாரம் தூங்காமல் கிடந்தது, பெட்வேயின் இரக்கம், எல்லாம் சேர்த்துத் திட்ட வாயைத் திறந்தாள். அதற்குள் அந்த வரிசை கண்ணில் பட்டது. அவருடைய உயிர்ச் சாமான்களோடு, அவற்றுக்குச் சமமாக, அவளுடைய பிரஷ். எட்டு வருஷமாகச் சட்டி, சட்டி என்று கேலி செய்தவர் ஒளிந்து ஒளிந்து செய்த காரியம். அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு கண்ணீரும் வந்தது. துளசிச் செடிக்கு ஊற்ற வேண்டிய தண்ணீரை எட்டி உதைத்துக் கொட்டிவிட்டாள்.

"நாளைக்கு நான் வந்து ஒங்க பெட்வேகிட்டச் சொல்றேன்" என்றார் லாம்.

"நீங்க ஒண்ணும் வர வேணாம். பிரஷ்ஷ வீட்டுக்குக் கொண்டுவந்தது என் தப்பு. நானே சொல்லிக்கறேன்."

சொன்னால் கேட்கிற ஆளா. மறுநாள் விடிவதற்குள் குளித்து, கோயிலுக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு, காலில் மட்டும் வெள்ளை ரப்பர் பூட்ஸோடு வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். காற்று நின்று கடல் தெளிந்திருந்தது; வெள்ளை இறால் ஓடும் பருவம். மற்ற படகுகள் எல்லாம் வாய்க்கால் வழியாக வரிசை கட்டிப் போய்க்கொண்டிருந்தன. அவர் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

பட்டறை வாசலில் வெளியாளை விட மாட்டார்கள். சுவன் உள்ளே போய்ச் சொல்லி, பெட்வே வாசலுக்கு வந்தார். லாம் பிரஷ்ஷை இரண்டு கையாலும் நீட்டினார். வழியெல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்த பேச்சு, அந்த நேரத்தில் பாதிதான் வந்தது.

"ஐயா, தப்பு என் மேல. இவ கை மேல இல்ல. இவ கை சுத்தமான கை."

பெட்வே பிரஷ்ஷை வாங்கி முகர்ந்தார். கட்டைவிரலைக் கம்பியில் அழுத்தி, விரலைப் பார்த்தார்.

"எங்கப்பா எங்க வீட்டு மாதா சிலையோட இரும்புப் பீடத்துக்கே எண்ணெய் போடுவாரு" என்றார். "மிஸ் சுவன், பிரஷ் வாசலைத் தாண்டுனதுக்கு நான் ஒங்களைக் கண்டிச்சே ஆகணும். கண்டிச்சுட்டேன்னு வெச்சுக்குங்க. ஆனா நீங்க சொல்றதை நான் நம்புனாப் போதாது, எக்ஸ்ரே நம்பணும். இன்னும் ஒரு தரம்தான்."

"தெரியும் மிஸ்டர் பெட்வே."

புது பிரஷ் கொடுத்தார்கள். பழைய எண்ணெய் பட்ட இடத்தையெல்லாம் தாராளமாகக் குடைந்து எடுத்தார்கள். சுவன் தோல் சட்டை போட்டு, முகமூடியை இறக்கிக்கொண்டு கப்பலுக்கு அடியில் போனாள். ஆவணி வெயிலில் அந்தக் கொட்டகை கொதிக்கும். அலுமினியம் இருக்கிற சூட்டையெல்லாம் உறிஞ்சி ஆள்மேலேயே திருப்பும். துடைத்தாள், காயவிட்டாள், தேய்த்தாள். தேய்த்த இடம் பனி பெய்தது போல மங்கலாக வெளுத்தது. சீராக வறுபடும் சத்தத்தோடு நெருப்பு ஓட ஆரம்பித்தது. காது அந்தச் சத்தத்தில்தான் இருக்க வேண்டும். ஒரு வெடிப்புக் கேட்டால் போச்சு. அவள் கேட்டுக்கொண்டே நகர்ந்தாள். வேர்வை முழங்கையில் வந்து நின்றபோது உடம்பைச் சாய்த்து வெளிப்பக்கம் விழவைத்தாள். ஒரு சொட்டுக்கூடத் தகட்டில் விடவில்லை. பெட்வே குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கையைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று அவருக்கே வெட்கமாக இருந்ததாம். பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறார்.

லாம் அன்று முழுக்க வாசலுக்கு எதிரே வண்டியில் கிடந்தார். வேர்க்கடலை அவித்து விற்கும் வண்டிக்காரர், யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, உள்ளே என் வீட்டுக்காரி கப்பல் கட்டுகிறாள் என்று சொன்னாராம். சட்டி என்று சொல்லவில்லை.

முடிவு வந்தபோது அவர் கடலில் இருந்தார். சுவன் போன் செய்தாள்.

"ஒரு பொட்டுகூட இல்லீங்க. சுத்தமா வந்துருக்கு."

மறுமுனையில் எஞ்சினை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "இனிமே வீட்டுல எந்தச் சாமானையும் நான் தொடல" என்றார்.

"சாப்பாட்டுத் தட்டையாவது தொடுங்க" என்றாள் அவள்.

கதை பட்டறை முழுக்கப் பரவியது. எந்த இணைப்பு கெட்டாலும் மிஸ் சுவனின் வீட்டுக்காரர் வந்துபோனாரா என்று கேட்பது அங்கே வழக்கமாகிவிட்டது. கப்பல் ஆற்றில் இறங்கியது. அதற்கு ஏதோ ஓர் ஊரின் பெயரை வைத்தார்கள். எங்களுக்கு அது சுவனின் கப்பல். சோதனை ஓட்டத்துக்கு வெளியே போன நாளில் லாம் விரிகுடாவின் வாயில் வலை இழுத்துக்கொண்டிருந்தார். தூரத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ தெரிந்தது. தேநீரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்வதற்குள் அது பக்கத்தில் வந்து, தாண்டி, போய்க்கொண்டிருந்தது. நாற்பது வருஷம் கடலைப் பார்த்த மனிதர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். நாம் தப்பி வந்த அன்றைக்கு இப்படி ஒன்று வந்திருந்தால், குடிக்கத் தண்ணீர் இல்லாமல் அந்த ஓட்டைப் படகில் செத்தவர்களில் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று வீட்டுக்கு வந்து சொன்னார். அதன் பிறகு சட்டி என்ற வார்த்தை அந்த வீட்டில் சமையலறையோடு நின்றுபோனது.

அந்தக் கப்பல் பசிபிக் கடலுக்குப் போனது. புயல் அடித்த தீவுகளுக்கு அரிசியும் தண்ணீரும் கொண்டுபோனது என்று கேள்விப்பட்டோம். இரண்டு வருஷம் கழித்து, மருத்துவர்களை ஏற்றிக்கொண்டு குய் நோன் துறைமுகத்துக்குப் போனது. அவர்கள் தப்பி வந்த நாட்டில், லாம் பிறந்த ஊர் அது. அவருடைய பெரியண்ணன் இன்னும் அங்கேதான் இருக்கிறார், அவரும் மீன்பிடிக்காரர்தான். கண்புரை விழுந்து வலைக்கண்ணே தெரியாமல் வீட்டில் முடங்கிக் கிடந்தவருக்கு, அந்தக் கப்பலில் வந்த மருத்துவர்கள் கண்ணைத் திறந்துவிட்டார்கள்.

எங்களுக்கு ராத்திரிச் சாப்பாட்டு நேரம், அவர்களுக்குக் காலை. போனில் அண்ணன் முகம் தெரிந்தது. கண்ணில் கறுப்புக் கண்ணாடி, பின்னால் கப்பல். நன்றி சொல்ல நண்டு ஒரு கூடை கொண்டுவந்தாராம். சாய்பலகை வரைக்கும் விட்டிருக்கிறார்கள்.

"தம்பி, எல்லாம் தெரியுதுடா. கப்பல் கொள்ளை அழகு. ஒன் பொண்டாட்டி பத்தவெச்ச எடம் எது?"

"அது தண்ணிக்குக் கீழ இருக்குண்ணே. வலது பக்கம். யாருக்கும் தெரியாது."

"சரி, எங்கயோ இருக்குல்ல." அண்ணன் முகத்தைக் கப்பலுக்குக் கிட்டே கொண்டுபோனார். "ஆனா இந்தக் கைப்பிடியைப் பாருடா. பெயிண்டு இல்லாம வெறும் ஒலோகமா விட்டுருக்கானுங்க. உப்பு பூத்துக் கெடக்கு. பாக்க மனசு கேக்கல. என்கிட்ட எண்ணெய்த் துணி இருக்கு, ஒரு தொடை தொடச்சுவிடட்டா?"

லாம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். "அண்ணே, கைய எடு. தொடாத."

அண்ணன் திருடனைப் போலக் கையை இழுத்துக்கொண்டார். சுவன் சிரித்துச் சிரித்து மேசையில் சாய்ந்துவிட்டாள். பிறகு போனைத் தன் பக்கம் திருப்பினாள்.

"தொடைங்கண்ணே. பத்தவெச்சு முடிஞ்சாச்சு. இனிமே எண்ணெய் பட்டா ஒண்ணும் ஆகாது."

பெரியவர் இடுப்பிலிருந்து துணியை எடுத்தார். காவலுக்கு நின்ற மாலுமி ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். லாம் மெல்ல உட்கார்ந்து, போனைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துக்கொண்டார்.

"மேலேர்ந்து கீழ தொடைண்ணே" என்றார். "அடியிலயும் கைய விடு. அங்கதான் உப்பு நிக்கும்."